பதினொரு கேள்விக்குறிகள்: யோகேஸ்வரியின் நினைவில்

செய்தி வந்தபோது நான் மன்னார்ப் பாலத்தின் மேல், பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தேன். சோளகக் காற்று யன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. அழைத்தவர் யோகேஸ்வரியின் தம்பி சுதன். இரண்டு தடவை அவர் சொன்னது காற்றில் கேட்கவில்லை. மூன்றாம் தடவை, "அக்கா போட்டா, அன்ரன் அண்ணை" என்றார்.

"எங்கை போட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

யோகா எப்போதும் எங்கேயாவது போய்க்கொண்டிருப்பவர். விடத்தல்தீவுக்கு, மாவட்டச் செயலகக் கச்சேரிக்கு, வவுனியாவுக்கு. அந்தப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. சுதன், "காலமை, ஆஸ்பத்திரியிலை. இரத்தப் புற்றுநோய். இரண்டு மாசமாத் தெரியும்" என்றார்.

பாலம் முடிந்ததும் இறங்கினேன். றோட்டைக் கடந்துபோய் அவருடைய ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸை மறிக்க வேண்டும் என்று தெரியும். ஆனாலும் இரண்டு பஸ்களைப் போகவிட்டு நின்றேன். துக்கத்துக்கு முன்னால் வந்தது கோபம். இரண்டு மாதம் எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு கோப்பு குறைவாகப் போய்ச் சேர்ந்தால் அதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் திரிந்த மனுசி, இதை ஏன் சொல்லாமல் விட்டார்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அவரோடு வேலை செய்த நாங்கள் ஏழெட்டுப் பேர் அவருடைய வீட்டு முற்றத்தில் கூடினோம். என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து இரண்டு வசனம் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை, வாசல் படலையடிக்குப் போய்விட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இதில் பாதி தெரியும். மற்றப் பாதி எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. இனி எனக்கு மட்டும்.

யோகா எங்கள் கந்தோருக்கு வேலைக்கு வந்தது மீள்குடியேற்றம் தொடங்கி இரண்டாம் வருசம். பள்ளிமுனை றோட்டில் வாடகை வீடொன்றில் இயங்கிய உதவி நிறுவனக் கிளை அது. வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களின் ஆவணங்களை வாங்குவோம். காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு, விவாகப் பதிவு, இறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை. எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி, குடும்பத்துக்கு ஒரு கோப்பாக்கி, கொழும்புத் தலைமைக் கந்தோரின் கணினிக்கு அனுப்புவோம். அங்கே பார்த்துத்தான் பட்டியல் போடுவார்கள். ஸ்கான் பகுதிக்கு நான் பொறுப்பு. கிளைக்குப் பொறுப்பு குலேந்திரன் ஐயா, ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர், சாந்தமான மனிதர்.

நேர்முகத்தில் ஐயா அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். யோகா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெல் வயல்காரரின் மகள். பதினொரு வயதில் தாயோடும் தம்பியோடும் படகில் இராமேஸ்வரம் போனவர். தமிழ்நாட்டு முகாமொன்றில் வளர்ந்து, அங்கேயே கணினி படித்துப் பட்டம் எடுத்தவர். இதையெல்லாம் அவர் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

"ஜாவாவிலை ஆறு வருசம் வேலை செய்தனான்" என்றார்.

ஐயாவுக்குத் தெரிந்த ஜாவா ஒரு பழைய மோட்டார் சைக்கிள். என்னைப் பார்த்தார். "கொம்பியூட்டர் மொழி ஐயா" என்றேன்.

"எங்களுக்கு விபரம் பதியத்தான் ஆள் வேணும் பிள்ளை. அது உங்களுக்குச் சின்ன வேலை."

"பரவாயில்லை ஐயா. இஞ்ச இருந்து கொழும்புக்கு எப்படி அனுப்புறீங்கள்?"

எஃப்.ரி.பி. என்றேன். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பு அனுப்பும் பழைய முறை. அதற்கு எங்களிடம் உரிமம் காலாவதியான ஒரு மென்பொருள் இருந்தது. அனுப்பி முடிந்ததும் பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்று காட்டும். காட்டியதும் நான் பேரேட்டில் சரி போடுவேன்.

"அங்க போய்ச் சேர்ந்ததோ எண்டு ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அவரையும் எனக்கு அன்று பிடிக்கவில்லை.

வேலைக்கு வந்த முதல் கிழமையே அவர் கொழும்புக் கணினியில் இருந்த கோப்புகளின் அளவையும் எங்கள் கணினியில் இருந்தவற்றின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பல இடங்களில் சிவப்புப் பேனையால் கோடு. எங்கள் இணைப்பு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அறும். அறுந்த இடத்தோடு கோப்பும் நின்றுவிடும். கொழும்பில் திறந்து பார்ப்பவர்கள் 'ஆவணம் முழுமையில்லை' என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் குடும்பம் பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

"முடிஞ்சுது எண்டு காட்டினதே" என்றேன்.

"அது தன்ர வேலை முடிஞ்சுது எண்டு சொல்லுது அன்ரன். கோப்பு போய்ச் சேர்ந்தது எண்டு சொல்லேல்லை."

நான் அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும், 'உங்கட கடதாசி போட்டுது, யோசிக்காதேங்கோ' என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அந்தத் தாள்களை இரண்டு நாள் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஐயாவிடம் கொண்டுபோனேன்.

பிறகு யோகா தானே ஒரு கருவி எழுதத் தொடங்கினார். முழுவதையும் அடியிலிருந்து எழுதவில்லை. ஜாவாவில் எஃப்.ரி.பி.க்கென்று யார் யாரோ எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் விட்டிருந்த ஒரு நிரல்தொகுதியை எடுத்தார். அதை இறக்க எங்கள் இணைப்புக்கு அரை நாள் போனது. ஜாவாவை எடுத்ததற்குக் காரணமும் இருந்தது. கந்தோரில் நாலு கணினி. நாலும் நாலு விதம். ஒருதரம் எழுதினால் நாலிலும் ஓடும்.

குலேந்திரன் ஐயாவுக்குப் பயம். "சும்மா குடுக்கிற சாமானை எப்படிப் பிள்ளை நம்புறது?"

"சும்மா குடுக்கிறதாலை நம்பேல்லை ஐயா. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு நானே வாசிச்சுப் பாக்கலாம். பழசை உங்களாலை திறக்கேலாது. அது பொய் சொன்னாலும் தெரியாது."

மூன்று கிழமையில் கருவி ஓடியது. இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அனுப்பியதும் அந்தப் பக்கத்து அளவைக் கேட்டு, இந்தப் பக்கத்து அளவோடு ஒப்பிட்டு, சரியென்றால் மட்டும் சரி என்று சொல்லும். அதற்கு அவர் ஒரு பெயர் வைக்கவில்லை. நாங்கள் 'யோகா' என்றே சொன்னோம். "விடத்தல்தீவை யோகாவிலை போட்டாச்சோ?" என்று கேட்போம். அவர் சிரிக்கமாட்டார். கருவி ஓடும்போது திரையின் பின்னால் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருப்பார். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இருப்புக்கொள்ளாது.

இப்போது சொல்லப்போகிற இரண்டு விசயங்களும் சேர்ந்துதான் பின்னால் நடந்ததுக்குக் காரணம். ஒன்று அவருடையது. மற்றது என்னுடையது.

முதல் நாங்கள் கோப்புகளுக்கு இலக்கம் போட்டுத்தான் அனுப்பினோம். யோகா அதை மாற்றச் சொன்னார். குடும்பத் தலைவரின் பெயரைத் தமிழில் வைக்க வேண்டும் என்றார். "முகாமிலை எங்களுக்கு நம்பர். அரிசிக்கும் நம்பர், ஆஸ்பத்திரிக்கும் நம்பர், கையெழுத்துக்குக் கூப்பிடுறதும் நம்பர். சொந்த ஊருக்கு வந்தும் நம்பரோ ஐயா?" ஐயா தலையாட்டினார். அன்று கந்தோரில் யாரும் மறுத்திருக்க மாட்டோம்.

மற்றது, எங்கள் கணினியில் இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஸ்கான் நிரம்பி நிரம்பி மெசின் நின்றுவிடும். அனுப்பி, அளவு சரியென்று கண்ட கோப்பை எங்கள் பக்கத்தில் தானாகவே அழித்துவிட வேண்டும் என்று நான்தான் கேட்டேன். யோகா மாட்டேன் என்றார். ஒரு கிழமை ஒவ்வொரு நாளும் கேட்டேன். கடைசியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதித் தந்தார்.

பழைய கோப்புகள் உட்பட எல்லாவற்றையும் புதிதாக அனுப்பினோம். எல்லாம் சரி என்று வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாம் அழிந்தது. நான் பேரேட்டில் நிம்மதியாகச் சரி போட்டேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்த பட்டியலில் ஆட்கள் குறைவு. நிராகரிக்கப்பட்டோர் பட்டியலிலும் அந்தப் பெயர்கள் இல்லை. யோகா கொழும்புக் கணினியில் விடத்தல்தீவு என்ற பகுதியைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன். அங்கே ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை. வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். ஒரு வரியில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது, இன்னொன்றில் பதினொன்று.

யோகா கதிரையில் இருந்தார். அவர் தானாகக் கதிரையில் இருந்ததை நான் கண்டது அன்றுதான்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் எடுத்த நிரல்தொகுதி, வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், ஐரோப்பிய எழுத்துகளை மட்டும்தான் அறியும். அறியாத எழுத்து வந்தால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். மரியசெல்வம் என்ற பெயரைக் கணினி பதினொரு குறிகளாக எண்ணும். மரியபுஷ்பம் என்ற பெயரையும் பதினொன்றாகத்தான் எண்ணும். இரண்டும் பதினொரு கேள்விக்குறி. மரியசெல்வத்தின் கோப்பு முதலில் போய்ச் சேர்ந்தது, அளவு சரி, எங்கள் பக்கம் அழிந்தது. அடுத்து மரியபுஷ்பத்தின் கோப்பு அதே பெயரில் போய் அதன் மேலேயே எழுதியது, அளவு சரி, அதுவும் எங்கள் பக்கம் அழிந்தது.

"போய்ச் சேர்ந்ததைப் பாத்தன்" என்றார் யோகா. "சேர்ந்த இடத்திலை முதலே ஒராள் இருந்தவவோ எண்டு பாக்கேல்லை."

பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், எல்லா ஊர்களையும் சேர்த்துப் பதினேழு குடும்பங்களின் கோப்புகள் அப்படி அழிந்திருந்தன. திருத்தம் ஒரு வரிதான். இணைப்பை ஏற்படுத்துவதற்கு முன் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கச் சொல்லும் ஒரு வரி. அதை எழுத அவருக்கு ஒரு நிமிடம் கூடப் போகவில்லை. எழுதிவிட்டு, "ஒரு வரி அன்ரன்" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தும் அதையே சொன்னார்.

குலேந்திரன் ஐயா கதவைச் சாத்திவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "கொழும்பிலை தவறிப்போச்செண்டு சொல்லுவம். திரும்ப ஸ்கான் பண்ண வேணும் எண்டு சனத்தைக் கூப்பிடுவம். ஏன் வீணா எங்கட பேரைக் கெடுக்கிறது?"

அவர் கெட்ட மனிதரில்லை. கிளையை மூடிவிடுவார்களோ என்று பயந்தார். எனக்கும் அதே பயம்.

"கொழும்பு எண்டு சொன்னா சனம் கொழும்பைப் பாத்துக்கொண்டு இருக்கும் ஐயா. அவையின்ர கையிலை கடதாசி இருக்கோ இல்லையோ எண்டு நாங்கள் இண்டைக்கே கேக்க வேணும். பிழை என்னிலை. நானே போய்ச் சொல்லுறன்."

"பதினேழு இடத்துக்கோ?"

"ஓம்."

ஐயா கடைசியில், "அன்ரன், நீர் மோட்டார் சைக்கிளைக் கொண்டு போம்" என்றார்.

ஒன்பது நாள் திரிந்தோம். ஸ்கானரை உரப்பையில் சுற்றி யோகா மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பார். பல இடங்களில் மின்சாரம் வந்திருக்கவில்லை. மாதா கோவில் விறாந்தையில் ஜெனரேற்றர் போடுவித்து ஸ்கான் பண்ணினோம். ஒவ்வொரு வீட்டிலும் அவர் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்: "நான் எழுதின பிழையாலை உங்கட கடதாசி அழிஞ்சுபோச்சு. திரும்ப எடுக்க வந்திருக்கிறம்." சிலர் தேத்தண்ணி தந்தார்கள். ஒரு மனிதர் எங்களைப் படலைக்குள் விடாமலே கடதாசியை வேலிக்கு மேலால் நீட்டினார். பதினாறு குடும்பங்களிடம் கடதாசி இருந்தது.

பதினேழாவது மரியசெல்வம் அக்கா.

விடத்தல்தீவில் கடலோரத்தில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார். புருசன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். முந்திய மாரி வெள்ளத்தில் கொட்டிலுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, கடதாசி வைத்திருந்த பெட்டியைக் கொண்டுபோய்விட்டது. அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எங்களிடம் இருக்கிறதே என்று இருந்திருக்கிறார்.

யோகா தன் வசனத்தைச் சொன்னார். மரியசெல்வம் அக்கா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தார்.

"காணிப் பொமிற்றுமோ?"

"ஓம் அக்கா. காணி அனுமதிப்பத்திரம், எல்லாம்."

"அப்ப இந்தக் காணி என்ர எண்டு காட்ட என்னட்ட என்ன இருக்கு?"

"இப்ப ஒண்டுமில்லை" என்றார் யோகா.

அவர் 'யோசிக்காதேங்கோ' என்று சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அழிக்கச் சொன்னது நான், ஒரு கிழமை விடாமல் கேட்டது நான். அதை அந்த முற்றத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் நின்று சங்கிலியைப் பார்ப்பதுபோலக் குனிந்திருந்தேன். யோகாவும் அன்றோ அதற்குப் பிறகோ ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் கதைக்கவில்லை.

"நீ வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிராது. ஏன் பிள்ளை சொன்னனீ?" என்று மரியசெல்வம் அக்கா கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

"இனி நான் என்ன செய்யுறன் எண்டு நீங்கள் கவனிக்க வேணும். அதுக்குத்தான்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பொல்லாதவை. யோகா ஒருநாள் விட்டு ஒருநாள் காணிக் கந்தோருக்குப் போவார். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். ஆனால் அனுமதிப்பத்திர இலக்கம் இல்லாமல் பழைய பதிவேடுகளில் தேட முடியாது என்றார்கள். போர்க்காலத்தில் அங்கும் இங்கும் இடம்மாறிய கட்டுகள், ஆண்டு தெரியாமல், வரிசை தெரியாமல். மரியசெல்வம் அக்காவுக்கு இலக்கம் ஞாபகமில்லை. அவருக்கு வாசிக்கவும் தெரியாது. யோகா கந்தோருக்கு வந்தாலும் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போவார். எனக்குள்ளிருந்த குற்றம் எரிச்சலாக மாறி ஒரு நாள் வெளியே வந்துவிட்டது.

"கொஞ்சம் இருங்கோ யோகா. உங்களைப் பாக்க எனக்குக் களைக்குது."

"அந்த மனுசிக்கு இருக்க இடமில்லை அன்ரன். நான் எப்படி இருக்கிறது?" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு திடீரென்று, "பழசு" என்றார். "பழைய மென்பொருளிலை அனுப்பின அரைவாசிக் கோப்பு. அதுகளைக் கொழும்பு என்ன செய்தது?"

கொழும்புக்கு அழைத்தோம். அங்கே கோப்புகளைப் பார்ப்பவர் சமிந்த என்ற இளைஞர். அரைகுறைத் தமிழில், "நான் ஒண்டும் அழிக்கிறேல்லை மிஸ். பயம்" என்றார். முழுமையற்றவை என்று ஒதுக்கிய எல்லாவற்றையும் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார். எல்லாம் பழைய இலக்கப் பெயர்களோடு. என் பேரேட்டில் எந்த இலக்கம் யாருடையது என்று இருந்தது.

யோகா தன் கருவியால் மரியசெல்வம் அக்காவின் இலக்கம் இருந்த கோப்பை இறக்கினார். சிதைந்த கோப்பு, வழமையாகத் திறக்க மறுத்தது. ஜாவாவில் இன்னும் சில வரிகள் எழுதி, படத்தில் வந்த அளவை மட்டும் காட்டச் செய்தார். திரையில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு படம் வந்தது. அரச இலச்சினை. அதன் கீழே அனுமதிப்பத்திர இலக்கமும் ஆண்டும். மரியசெல்வம் என்ற பெயரின் மேல் பாதி. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

குலேந்திரன் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இலக்கத்தைத் தன் கையால் எழுதிக்கொண்டார். யோகா என்னைப் பார்த்து, "நம்பரும் ஒருக்கா உதவிப்போட்டுது" என்றார். அவர் சிரித்து நான் கண்ட சில தடவைகளில் அது ஒன்று.

பதிவேடு இரண்டு நாளில் கிடைத்தது. உறுதிப்படுத்திய பிரதி வந்தது. மரியசெல்வம் அக்காவின் பெயர் இரண்டாம் பட்டியலில் ஏறியது. அடுத்த வருசம் வீடு எழும்பியது. குடிபூரலுக்கு அவர் யோகாவைக் கூப்பிடவில்லை. யோகா அதைப் பற்றிக் குறைப்பட்டதில்லை. "கூப்பிட வேணும் எண்டு என்ன கட்டாயம்? அவவின்ர வீடு" என்றார்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த ஒரு வரித் திருத்தத்தை அவர் அந்த நிரல்தொகுதியைப் பராமரிப்பவர்களுக்கு எழுதி அனுப்பினார். தான் எதை உடைத்தேன், பதினேழு குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். மூன்று கிழமை கழித்து முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து பதில் வந்தது. விளக்கக் குறிப்பில் ஓர் எச்சரிக்கை சேர்த்திருப்பதாகவும், நன்றிப் பட்டியலில் அவர் பெயரை எப்படி எழுதுவது என்றும் கேட்டிருந்தார். யோகா தமிழில் எழுதி அனுப்பினார்.

அதற்குப் பிறகு உலகத்தில் எங்காவது ஒருவர், எங்கள் மொழிப் பெயர்கள் கேள்விக்குறியாகப் போகின்றன என்று அந்தக் குழுவில் கேட்டால் யோகா பதில் எழுதுவார். கந்தோர் மூடப்பட்ட பிறகும் எழுதினார். அவருடைய பதில்கள் எல்லாம் ஒரே மாதிரித் தொடங்கும்: இது நானும் விட்ட பிழை. சுதன் சொன்னபடி, கடைசிப் பதிலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதியிருக்கிறார். புற்றுநோய் வருத்தத்தை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று நான் சுதனிடம் சண்டை பிடிப்பதுபோலக் கேட்டேன்.

"நான் கேட்டனான் அண்ணை. 'என்ர பிழையெண்டா சொல்லலாம். இது பிழையில்லையே, வருத்தந்தானே. சொன்னா எல்லாரும் வந்து சுத்தி இருப்பினம், எனக்கு வேலை கிடக்கு' எண்டவ."

அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

அந்தியேட்டிக்கு மரியசெல்வம் அக்கா வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர், யாரோடும் கதைக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலித் தாளுக்கு முன்னால் கனநேரம் நின்றார். படலையடியில் நின்ற என்னைக் கையால் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கு வாசிக்கத் தெரியாது. பிள்ளையின்ர பேரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கினமோ?"

"ஓம் அக்கா."

"வடிவாப் பாத்துச் சொல்லும். ஒவ்வொரு எழுத்தா."

நான் தாளில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். முடித்ததும், "சரி" என்று சொல்லிவிட்டுப் போய் பாயில் இருந்தார். அவரிடம் அப்போதாவது, அழிக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். "எனக்கு அண்டைக்கே விளங்கினது. நீர் ஏன் சங்கிலியைப் பாத்துக்கொண்டு நிண்டனீர்?" என்றார்.

வீட்டுக்கு வந்தும் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. ஓலைத்தொடுவாயில் சூசைப்பிள்ளை என்று ஒரு மீனவர் இருக்கிறார். அவருடைய வீட்டுத்திட்டப் பத்திரத்தில் பெயர் சூசைமுத்து என்று இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் நான் அடித்தது. அதிலிருந்து படகுப் பதிவுக்கும் வங்கிக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும், இரண்டும் ஒரே ஆள்தான் என்று அந்த மனிதர் சத்தியக் கடதாசி கொடுத்துத் திரிகிறார். பிழை என்னுடையது என்று எனக்கு நாலு வருசமாகத் தெரியும். அவர் கேட்டபோது கொழும்பில் விட்ட பிழை என்று சொல்லியிருந்தேன்.

இன்று காலையில் அவரைத் தேடிப் போனேன். கரையில் படகின் பக்கத்தில் புதிய இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்கட பேரிலை இருக்கிற பிழை கொழும்பிலை விட்டதில்லை. நான் அடிச்சது. உங்களுக்குப் பொய் சொன்னனான்."

அவர் படகிலிருந்து தூரிகையை எடுக்கவில்லை. "எவ்வளவு காலமாத் தெரியும்?"

"நாலு வருசம்."

மிச்ச இரண்டு இலக்கத்தையும் எழுதி முடித்தார். தூரிகையைப் பெயின்ற் ரின்னுக்குள் வைத்தார். கையைத் துடைத்தார். அதுவரை நான் நின்ற நிலையைச் சொல்ல முடியாது.

"நாளைக்குக் கச்சேரிக்கு வாரும். என்னோட நிண்டு, நான்தான் பிழை விட்டனான் எண்டு அவையளுக்குச் சொல்லும்."

"வாறன் அண்ணை."

"எட்டு மணிக்கு."

யோகேஸ்வரியிடமிருந்து நான் வைத்திருப்பது என்னவென்று கேட்டால், சொல்லாமல் விட்ட பிழையோடு ஒரு இடத்தில் இருக்க முடியாத இந்த அந்தரம்தான். அது எனக்குச் சுகம் தரவில்லை. இனிமேல் தரும் என்றும் நினைக்கவில்லை. நாளைக்கு எட்டு மணிக்குச் சூசைப்பிள்ளை அண்ணை கச்சேரி வாசலில் நிற்பார். நான் ஏழு மணிக்கே போய்விடுவேன்.